கைமுடிச்சு வெஃப்டா, மெஷின் வெஃப்டா: கூந்தல் இணைப்பு வாங்கும் முன்

கூந்தலின் அடர்த்தியையோ நீளத்தையோ சில மாதங்களுக்குக் கூட்டிக்கொள்ள முடிவு செய்து ஒரு நல்ல சலூனுக்குப் போகும் பெண்ணின் முன்னால் இன்று மூன்று வகை வெஃப்டுகள் எடுத்து வைக்கப்படுகின்றன: கையால் முடிச்சிட்டது, மெஷினில் தைத்தது, மெஷினிலேயே மிக மெல்லியதாகத் தைத்து மேலே பூச்சு கொடுத்தது. மூன்றுமே மனித முடியின் வேர்ப்பக்கத்தை ஒரு பட்டையில் பிணைத்துச் செய்யப்படுபவை. மூன்றையும் தலையில் பொருத்தும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. விலை மட்டும் வெகுவாக வேறுபடுகிறது, கைமுடிச்சு வெஃப்டுக்கு மெஷின் வெஃப்டைவிடக் கணிசமாகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கைவேலை என்றாலே உயர்ந்தது என்ற எண்ணத்தில் பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள். அந்த வேலையின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தடித்த கருங்கூந்தலும் வியர்க்கும் தலையும் எண்ணெய் வைக்கும் பழக்கமும் உள்ள நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு அது தானாகவே சிறந்த தேர்வு ஆகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், எது யாருக்குப் பொருந்தும் என்பதும் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பட்டைக்கு முன் முடியைப் பற்றிப் பேசியாக வேண்டும்; எவ்வளவு நேர்த்தியாக முடிச்சிட்டாலும் தரமற்ற முடியை அந்த முடிச்சு காப்பாற்றாது. முடியிழையின் மேற்பரப்பில் கியூட்டிக்கிள் என்னும் நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒரு வெஃப்டில் உள்ள இழைகள் அனைத்தும் ஒரே திசையில், வேர் மேலும் நுனி கீழுமாக, இருந்தால் செதில்கள் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்லும். சில இழைகள் தலைகீழாகக் கலந்திருந்தாலும் போதும், எதிரெதிர்ச் செதில்கள் மாட்டிக்கொண்டு, சில முறை தலைக்குக் குளித்ததுமே பிடரிப் பக்கம் சிக்கு விழத் தொடங்கும். திசை மாறாமல் காக்கப்பட்ட முடியைத்தான் வணிகத்தில் ரெமி என்கிறார்கள்.

ரெமி முடிக்கு உலகச் சந்தை நம்பியிருக்கும் முக்கியமான ஊற்று தென்னிந்தியக் கோயில்கள். திருமலையின் கல்யாணகட்டையில் காணிக்கையாக இறக்கப்படும் முடி நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, தேவஸ்தானத்தால் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. பழனி, திருத்தணி, சமயபுரம் ஆகிய இடங்களிலும் முடிக்காணிக்கை ஏலம் விடப்படுகிறது. நீளக் கூந்தலை மழிப்பதற்கு முன்பே கட்டிவிட்டால் வேர்கள் ஒரே பக்கத்தில் நிற்கும். அந்தக் கட்டு கலையாமல் தொழிற்கூடம் வரை வந்து சேர்வதில்தான் ரெமியின் மதிப்பு அடங்கியிருக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1.25 செ.மீ. வளரும் என்ற கணக்கில் பார்த்தால், 60 செ.மீ. நீளத்தை எட்ட நான்கு ஆண்டுகள் ஆகும். நீளம் சற்றுக் கூடினாலும் விலை சட்டென்று ஏறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நேர்மாறானது சீப்பில் வரும் சிக்குமுடி. தெருவில் வரும் வியாபாரிகள் பாத்திரத்துக்கும் பின்னுக்கும் பண்டமாற்றாக வாங்கிச் செல்லும் இந்த முடி, கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்திலுள்ள பாக்யநகர் போன்ற ஊர்களில் பிரித்தெடுக்கப்பட்டுத் தனி வணிகமாகவே நடக்கிறது. பல தலைகளின் முடி பல திசைகளில் கலந்துகிடப்பதால், அமிலக் கரைசலில் ஊறவைத்துச் செதில்களையே கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். கடையில் தொட்டுப் பார்க்கும்போது ரெமி முடியைக் காட்டிலும் இதுதான் வழுவழுப்பாக இருக்கும். சில வாரக் குளியலில் பூச்சு கழன்றதும் முடி வறண்டு பின்னிக்கொள்ளும். நம் பாட்டிமார் பின்னலில் சேர்த்துக்கொண்ட சவுரியும் பெரும்பாலும் இத்தகைய உதிர்முடியில் செய்ததுதான். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னியதாலும், வேண்டாதபோது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டதாலும் அதில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. மாதக்கணக்கில் தலையிலேயே இருந்து, விரித்துவிட்ட கூந்தலோடு கலக்க வேண்டிய வெஃப்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே சிக்குமுடியில் செய்த கைமுடிச்சு வெஃப்ட், ரெமி முடியில் செய்த மெஷின் வெஃப்ட் என்ற இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால், யாராக இருந்தாலும் தயங்காமல் இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்கூடத்துக்கு வந்த முடி கழுவி உலர்த்தப்பட்ட பின், மேசையில் பொருத்திய எஃகுப் பற்களின் ஊடாகக் கைப்பிடி கைப்பிடியாக இழுக்கப்படுகிறது. சிக்கும் குட்டை முடியும் பற்களில் தங்கிவிட, நீள முடி மட்டும் கையோடு வரும். அடுத்தது நீளம் பிரித்தல். ஒரே தலையிலிருந்து வந்த கற்றையிலும் எல்லா இழைகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. குட்டை இழைகளை ஓரளவு மட்டும் நீக்கியதைச் சிங்கிள் டிரான் என்றும், கையால் மீண்டும் மீண்டும் பிரித்து அநேகமாக எல்லா இழைகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்ததை டபுள் டிரான் என்றும் சொல்கிறார்கள். டபுள் டிரான் நுனிவரை அடர்த்தியாக இருக்கும், விலையும் கூடும். நேராக வெட்டிய நுனியை விரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். பின்னல் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நுனியில் சற்று மெலிந்துவரும் சிங்கிள் டிரானே இயல்பாக அமைகிறது என்பது என் கருத்து. கருங்கூந்தலுக்கு நிறம் நீக்கும் வேலையும் இல்லை. பொன்னிற வெஃப்ட் செய்ய நம் நாட்டுக் கருமுடியைப் பெராக்சைடில் பலமுறை வெளுக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் முடி சற்று நலிகிறது. நமக்கு வேண்டிய நிறம் இயற்கையிலேயே இருப்பதால், தொடப்படாத செதில்களோடு கூடிய முடி நமக்குக் கிடைப்பது மற்ற நாட்டுப் பெண்களைவிட எளிது.

இனி முடிச்சுக்கு வருவோம். கையால் வெஃப்ட் பின்னுவது விக் செய்யும் கலையோடு சேர்ந்து வளர்ந்த பழைய தொழில்; 18-ஆம் நூற்றாண்டு பிரான்சின் விக் பட்டறைகளிலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவே பட்டுநூல்களைக் கட்டி அதில் முடியைப் பின்னும் வேலை நடந்திருக்கிறது. இன்றும் அடிப்படை மாறவில்லை. மேசையின் இரு முனைகளிலும் பொருத்திய கம்பங்களுக்கு இடையே மெல்லிய நூல்கள், வழக்கமாக மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக விறைப்பாகக் கட்டப்படுகின்றன. கற்றை முடி, கம்பி ஊசிகள் பதித்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே, வேர்ப்பக்கம் சற்று வெளியே தெரியும்படி அழுத்தி வைக்கப்படும். இழுத்தால் வேண்டிய சில இழைகள் மட்டும் கலையாமல் வரும். வேலை செய்பவர் சில இழைகளை உருவி, வேர் முனையை மேல் நூலின் மீது ஏற்றி, நடு நூலின் பின்னால் நுழைத்து, கீழ் நூலைச் சுற்றி, மறுபடியும் நூல்களுக்கு இடையே மேலே கொண்டுவந்து இறுக்குகிறார். இறுக்கிய முடிச்சை நகத்தால் தள்ளி முந்தைய முடிச்சோடு ஒட்டி நிற்க வைக்கிறார். அந்தத் தள்ளல்தான் வேலையின் உயிர். தளர்வாகத் தள்ளினால் பட்டையில் இடைவெளி விழுந்து முடி உருவும். அளவுக்கு மீறி நெருக்கினால் பட்டை சுருண்டு தலையில் படியாமல் நிற்கும். ஒரு கையின் அழுத்தம் காலையிலிருந்து மாலைவரை ஒரே சீராக இருந்தால்தான் ஒரு வெஃப்ட் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிப்பில் வரும். முடித்த பிறகு இரு ஓரங்களையும் நூலால் கட்டி, முடிச்சுகள் அவிழாதிருக்க மெல்லியதாகப் பசை தடவி உலர்த்துகிறார்கள்.

இப்படிச் செய்யப்படும் வெஃப்ட் பொதுவாக 25 முதல் 30 செ.மீ. அகலமும் 12 முதல் 20 கிராம் எடையும் கொண்டது. பட்டை தடித்த நூல் அளவுக்கே இருக்கும். விரலில் சுற்றினால் அப்படியே வளையும். அதன் அழகு முழுவதும் இந்த மெல்லிய தன்மையில் இருக்கிறது. குறையும் அதே இடத்திலிருந்து பிறக்கிறது. முடிச்சுகள் ஒரே நூல் தொடரில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதால் நடுவே கத்தரியை வைத்தால் வெட்டிய இடத்திலிருந்து அவிழத் தொடங்கிவிடும். வெட்ட முடியாத வெஃப்டைத் தலையின் அகலத்துக்கு ஏற்ப ஓரத்தில் மடித்துத்தான் தைக்க வேண்டும், மடித்த இடத்தில் மெல்லிய பட்டை இரட்டைத் தடிப்பாகிவிடும். பொருத்துபவர் அகலத்தை முன்கூட்டியே அளந்து வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் எழாது. அளக்காமல் ஒரே அளவில் வாங்கி வைத்திருக்கும் இடங்களில் எழும்.

இன்னொரு குறையைப் பற்றி விற்பனையின்போது அதிகம் பேசப்படுவதில்லை. நூலைச் சுற்றி முடிச்சிட்ட பின் வேர் முனையில் ஒரு குட்டைத் துண்டு மிஞ்சும். அது மடிந்து பட்டைக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு சலூன்களில் இதை மீசை என்றே வேடிக்கையாகச் சொல்வார்கள். வெளுத்து மென்மையாக்கப்பட்ட முடியிலும், இயற்கையிலேயே மெல்லிய முடியிலும் இந்தக் குட்டைத் துண்டு வளைந்து கொடுத்துவிடும். தடித்த, வெளுக்கப்படாத கருமுடியில் அது விறைத்து நின்று, பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் குத்தும், அரிக்கும். சிலருக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது. தோல் மென்மையானவர்களுக்குச் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடுவதும் உண்டு. கைமுடிச்சு வெஃப்ட் பற்றிய புகழுரைகளில் பெரும்பகுதி மெல்லிய முடி கொண்ட மேலைநாட்டுப் பெண்களின் அனுபவத்திலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெஷின் வெஃப்ட் செய்யும் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்த மூன்று தையல் மெஷின்களைப் பார்க்கலாம். முதல் மெஷினில் அமர்ந்தவர் முடியைப் பரப்பி ஊசிக்குக் கீழே ஊட்டிக்கொண்டே போகிறார். முடி தைக்கப்பட்டு அடுத்த மெஷினுக்குச் செல்லும்போது வேர்ப்பக்கம் மடிக்கப்பட்டு இரண்டாம் தையல் விழுகிறது. மூன்றாவது தையல் முழுவதையும் பூட்டுகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் துண்டு பெரும்பாலும் தையலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் குத்துவது குறைவு. வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு தையல் போட்டோ சிறிது பசை வைத்தோ வெட்டிக்கொள்ளலாம். முடி உதிர்வதும் நன்றாகத் தைத்த மெஷின் வெஃப்டில் குறைவு. ஒரே ஒரு முடிச்சை நம்பி இல்லாமல் மூன்று வரிசைத் தையல் ஒவ்வோர் இழையையும் பிடித்திருக்கிறது. பட்டையின் தடிப்புதான் இதன் குறை. மெல்லிய சொந்த முடிக்கு அடியில் அது மேடாகத் தெரியும்; காற்றில் முடி விலகினால் வரிசை வெளியே எட்டிப்பார்க்கும். தலைக்குக் குளித்தால் பட்டை உலர வெகுநேரம் ஆகும். ஈரத்தோடு தூங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு நாற்றமும் அரிப்பும் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது வகை இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. ஒற்றைத் தையலில் மிக மெல்லியதாகத் தைத்து, வேர் முனையை ஒட்ட நறுக்கி, பட்டையின் மீது பாலியூரித்தேன் போன்ற பூச்சைக் கொடுத்துப் பூட்டிவிடுகிறார்கள். குட்டைத் துண்டு இல்லை, எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம், தடிப்பும் கைமுடிச்சுக்கு அருகில் வந்துவிடுகிறது. இதன் தரம் முழுக்க முழுக்கப் பூச்சையும் அதைப் பூசியவரின் கவனத்தையும் பொறுத்தது. நல்ல பூச்சு இருக்கும்வரை முடி உதிராது. மட்டமான பூச்சு வெடித்தால் ஒரு பக்கத்திலிருந்து கொத்தாக உருவும். வளையும் தன்மையிலும் கைமுடிச்சுக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் தடித்த கருமுடி கொண்டவர்களுக்கு, குத்தாத பட்டை என்ற ஒரே காரணத்துக்காகவே இதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

தலையில் ஏற்றும்போது காகிதத்தில் தெரியும் வேறுபாடுகள் சற்று மாறிவிடுகின்றன. முடியைப் பின்னி அதன் மேல் வெஃப்டைத் தைக்கும் முறைக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் 1952-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய வெஃப்ட் பொருத்தும் முறைகள் பலவும் அந்தக் கறுப்பினக் கூந்தல் கலையின் வழித்தோன்றல்களே. நம் சலூன்களில் இப்போது பரவியிருப்பது மணிவரிசை முறை. பிடரிக்கு மேலே குறுக்காக ஒரு வகிடு எடுத்து, சிறு சிறு பிரிவாகச் சொந்த முடியை எடுத்து, உள்ளே சிலிக்கோன் பூசிய மிகச்சிறு உலோக மணிகளில் நுழைத்து இடுக்கியால் அழுத்துகிறார்கள். அந்த மணிகளோடு வெஃப்டை ஊசிநூலால் தைக்கிறார்கள். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வரிசை. சொந்த முடி வளர வளர வரிசை கீழே இறங்கும், ஆகவே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து மேலே ஏற்றித் தைக்க வேண்டும்.

இங்கேதான் கைமுடிச்சின் மெல்லிய தன்மை பற்றிய கணக்கு மாறுகிறது. ஒரு கைமுடிச்சு வெஃப்டில் முடி குறைவாக இருப்பதால் ஒரு வரிசையில் ஒன்றை மட்டும் தைத்தால் அடர்த்தி வராது. இரண்டையோ மூன்றையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தைப்பார்கள். மூன்றை அடுக்கிய பிறகு அந்த வரிசையின் மொத்தத் தடிப்பு ஒரே மெஷின் வெஃப்டை நெருங்கிவிடுகிறது, மூன்று வரிசைக் குட்டைத் துண்டுகளும் சேர்ந்துவிடுகின்றன. ஒன்றிரண்டை மட்டும் வைத்து பக்கவாட்டில் அடர்த்தி கூட்டிக்கொள்பவருக்கு இதைவிட மேலான வெஃப்ட் இல்லை. தோளளவு முடியை இடுப்பளவாக்க வேண்டியவருக்கு, நிறைய கிராம்களை ஏற்ற வேண்டியிருப்பதால், அதே மெல்லிய தன்மைக்காகக் கொடுத்த கூடுதல் விலையின் பயன் பெருமளவு கரைந்துபோகிறது. சலூனில் வெஃப்டை ஒற்றையாகக் கையில் கொடுத்து மெல்லியதாக இருக்கிறதா என்று கேட்பார்கள். நம் தலையில் எத்தனையை அடுக்கப்போகிறார்கள் என்று கேட்டு, அத்தனையையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பதே சரியான சோதனை.

எனவே, சொந்த முடி மெல்லியது, தலைத்தோல் ஆரோக்கியமானது, முடி உதிர்வு ஏதும் இல்லை, நீளத்தைவிட அடர்த்திதான் வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சலூனுக்குத் தவறாமல் போக முடியும் என்றால் கைமுடிச்சு வெஃப்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. மெல்லிய முடிக்கு அடியில் மறைவாகப் படிவதில் வேறெதுவும் அதற்கு ஈடாகாது. சொந்த முடி அடர்த்தியாக இருந்து நீளம் மட்டும் வேண்டும் என்றால் நல்ல ரெமி முடியில் செய்த மெஷின் வெஃப்டே போதும்; அந்த அடர்த்தி பட்டையை மறைத்துவிடும், மிச்சமாகும் பணத்தை இன்னும் நல்ல முடிக்குச் செலவிடலாம். முடி நடுத்தரம், தலைத்தோல் எளிதில் அரிக்கும், தலை அகலம் சராசரியிலிருந்து வேறுபடுகிறது என்பவர்களுக்குப் பூச்சு கொடுத்த மெல்லிய வெஃப்ட் பொருந்தும். கல்யாணம், வளைகாப்பு, நாட்டிய அரங்கேற்றம் என்று ஓரிரு நாளுக்காக மட்டும் கூந்தல் வேண்டுமானால் இந்த மூன்றுமே வேண்டாம். நல்ல கிளிப் வெஃப்டோ, பின்னலுக்குச் சவுரியோ வாங்கிக்கொள்வது தலைக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

யாருக்கு எதுவுமே வேண்டாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வது இயல்பு, பெரும்பாலும் ஓராண்டுக்குள் அது தானாகவே சீராகிவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய் வெஃப்ட் தைத்துக்கொள்பவர்கள் பலவீனமான முடியின் மீது கூடுதல் எடையை ஏற்றுகிறார்கள். தொடர்ந்து இழுபடும் முடி வேரோடு நலிந்து, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வழுக்கை விழுவதை மருத்துவர்கள் இழுவை வழுக்கை என்கிறார்கள். தொடக்கத்திலேயே நிறுத்தினால் முடி திரும்பும், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர் தழும்பாகித் திரும்பாமலே போகலாம். பொருத்திய இரவு தலையணையில் தலைவைத்துப் படுக்க முடியாத அளவுக்கு வலித்தால் அதைப் பழகிக்கொள்ள வேண்டிய வலியாக நினைக்காமல் மறுநாளே போய்த் தளர்த்தச் சொல்ல வேண்டும். கீமோ சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் திட்டுத் திட்டாக முடி கொட்டுபவர்களுக்கும் வெஃப்டைத் தாங்க முடி இல்லை. அவர்களுக்கு ஏற்றது லேஸ் துணியில் ஒவ்வோர் இழையாகக் கொக்கி ஊசியால் முடிச்சிட்ட விக். அதுவும் கைமுடிச்சு என்ற பெயரிலேயே விற்கப்படுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கைவேலைக்கு விலை கொடுக்கும்போது அந்தக் கை யாருடையது என்பதும் எனக்கு முக்கியமான கேள்வி. நம் கோயில்களில் இறங்கும் முடியில் பெரும்பகுதி இங்கே பின்னப்படுவதில்லை. சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள ஷுசாங், இந்தோனேசியாவின் நடு ஜாவாவிலுள்ள புர்பலிங்கா போன்ற ஊர்கள் விக்கும் வெஃப்டும் பொய்யிமையும் செய்வதையே பெருந்தொழிலாகக் கொண்டவை. வடகொரியத் தொழிலாளர்கள் கையால் செய்த விக்குகள் சீனா வழியாக உலகச் சந்தைக்குப் போகின்றன. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, சீனாவின் சின்ஜியாங் பகுதியிலிருந்து வந்த ஏறத்தாழ 13 டன் மனித முடிப் பொருட்களைக் கட்டாய உழைப்பில் செய்யப்பட்டவை என்ற சந்தேகத்தில் தடுத்து நிறுத்தியது. அவற்றின் மதிப்பு 8 லட்சம் டாலருக்கு மேல். மெஷின் வெஃப்டிலும் இந்தக் கேள்வி இல்லாமல் இல்லை, ஆனால் மணிக்கணக்கான உழைப்பு ஒவ்வொரு துண்டிலும் அடங்கியிருக்கும் கைமுடிச்சில் குறைந்த கூலிக்கான தூண்டுதல் மிகக் கூடுதல். இந்திய அரசு 2022 ஜனவரியில் பதப்படுத்தாத மனித முடியின் ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. முடி இங்கேயே பதப்படுத்தப்பட்டு வெஃப்டாகவும் விக்காகவும் போனால் அந்த வேலை நம் பெண்களுக்குக் கிடைக்கும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. சென்னையிலும் ஆந்திரத்திலும் முடி பதப்படுத்தி வெஃப்ட் செய்யும் கூடங்கள் இருக்கின்றன. விலை மலிவாக இருக்கும் கைமுடிச்சு வெஃப்டைப் பார்த்தால், குறைந்தது முடியோ கூலியோ ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். எங்கே செய்தது என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு பதில் சொல்லும் விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதை நான் தவறாக நினைக்கவில்லை.

வாங்கும் இடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் எளியவை. ஓர் இழையை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிக்கும், பிறகு நுனியிலிருந்து வேருக்கும் உருவினால், இரண்டாவது முறை சற்றுச் சொரசொரப்பு தெரிய வேண்டும். இரு பக்கமும் ஒரே வழுவழுப்பு என்றால் செதில் கரைக்கப்பட்டிருக்கலாம். பட்டையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முடிச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் தெரியும். பட்டையை ஒரு கையால் பிடித்து மறு கை விரல்களால் பலமுறை கோதினால் ஓரிரு இழைகள் வருவது இயல்பு, ஒவ்வொரு கோதலுக்கும் வந்துகொண்டே இருந்தால் வேண்டாம். செயற்கை இழை கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் ஓரிரு இழைகளைக் கொளுத்திப் பார்க்கலாம்: மனித முடி கருகிய வாடையோடு பொடியும் சாம்பலாகும், செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது, ஒரு துண்டை மட்டும் வாங்கிச் சென்று ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை அலசி, உலர்த்திப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது. பூச்சில் ஒளிந்திருக்கும் முடி அப்போது தன் உண்மை நிலையைக் காட்டிவிடும். இதற்கு இசையாத கடையில் பெரும் பணம் போட வேண்டாம்.

எந்த வகையை எடுத்தாலும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், அதில் நம் பழக்கங்கள் இரண்டை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தலை நிறைய எண்ணெய் வைத்து ஊறவைத்தால் மணிகள் வழுக்கி இறங்கிவிடும், கைமுடிச்சின் பசையும் இளகக்கூடும். ஆகவே எண்ணெயைக் காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவ வேண்டும். அந்தப் பகுதிக்கு எண்ணெய் உண்மையிலேயே தேவை, ஏனெனில் இணைத்த முடிக்குத் தலைத்தோலின் இயற்கை எண்ணெய் போய்ச் சேர்வதில்லை. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்கள் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. ஈரத்தோடு கொண்டை போடுவதை விட்டுவிட வேண்டும்: முதலில் பட்டைகள் இருக்கும் வரிசைகளைத் துணியால் ஒற்றி, காற்றில் உலர்த்தி, பிறகுதான் தளர்வாகப் பின்ன வேண்டும். கைமுடிச்சு வெஃப்ட் விரைவாக உலரும், மெஷின் வெஃப்டுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல ரெமி முடியை இப்படிக் காத்தால் அவிழ்த்து அவிழ்த்து ஓராண்டு வரைகூடப் பயன்படுத்தலாம், அப்போது முதலில் பெரிதாகத் தெரிந்த விலை மாதக் கணக்கில் பார்க்கும்போது தாங்கக்கூடியதாகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேலேற்றித் தைப்பதற்கான கூலியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். வெஃப்ட் வாங்கும் நாளிலேயே அந்தக் கூலி எவ்வளவு, அவிழ்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.